எட்டு சிறிய அமைப்புகளுக்கு ஒரே அலுவலகம்: கூட்டுச் சேவை மையத்தில் இரண்டு வருடம்

எங்கள் அமைப்பு ரொம்பச் சிறியது. மாலை நேர வகுப்பு, ஒரு சின்ன நூலகம், தனியாக வசிக்கும் முதியவர்களை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வருவது, இவ்வளவுதான் வேலை. சம்பளத்துக்கு ஐந்து பேர், தொண்டர்களாக இருபது இருபத்தைந்து பேர். வகுப்பு எடுப்பதிலோ முதியவர்களைப் பார்த்துக்கொள்வதிலோ எங்களுக்கு ஒருநாளும் பெரிய சிக்கல் வந்ததில்லை. சிக்கலெல்லாம் அலமாரியில் இருந்த ஃபைல்களில்தான். ரசீதுகள் ஒரு பெட்டியில், வவுச்சர்கள் இன்னொரு பெட்டியில், சம்பளக் கணக்கு பொருளாளரின் சொந்த லேப்டாப்பில், வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டு அவர் மனசில்.

அவருக்கு ஒரு அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் ஓய்வில் இருக்கவேண்டி வந்தபோதுதான் நாங்கள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தோம் என்பது எனக்குப் புரிந்தது. ஐந்து பேருக்கும் சம்பளம் தள்ளிப்போனது. நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பவேண்டிய அரையாண்டு அறிக்கை தேதி தாண்டிப்போனது. படுக்கையில் இருக்கும் மனிதரிடம் ஃபோனில் பாஸ்வேர்டு கேட்டேன், செயலாளராக அந்த நாளை நான் மறக்கமாட்டேன். அந்த வருடமே கூட்டுச் சேவை மையத்தில் சேர்ந்தோம். இப்போது இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இதுபோல ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மையத்தின் பெயர் வேண்டாம், ஏனென்றால் குறைகளையும் ஒளிக்காமல் சொல்லப்போகிறேன், அவற்றில் சிலவற்றை அவர்களே பிறகு சரிசெய்துவிட்டார்கள்.

அமைப்பு முறை எளிமையானது. எங்களைப் போன்ற எட்டு அமைப்புகள் சேர்ந்து ஒரே அலுவலகத்தை வைத்திருக்கிறோம். அங்கே கணக்குக்கு இரண்டு பேர், பணியாளர் விவகாரத்துக்கு ஒருவர், கம்ப்யூட்டருக்கு ஒருவர், ஆக நான்கு பேர். கணக்கு எழுதுவது, சம்பளப் பட்டியல் போடுவது, ஆண்டுத் தணிக்கைக்குத் தயார் செய்வது, வேலை நியமனக் கடிதம் முதல் விடுப்பு விதிகள் வரை எழுதித் தருவது, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது, இவற்றோடு பயிற்சி. தனியாக ஒரு முழுநேரக் கணக்காளரை வைத்துக்கொள்ள எங்கள் எட்டு பேரில் யாருக்கும் வசதி கிடையாது, ஆனால் ஆளுக்கு வாரத்தில் ஒன்றரை நாள் வேலைக்கு ஒரு நல்ல கணக்காளர் தேவை. கூட்டாக இருப்பதன் நியாயம் அந்த ஒன்றரை நாளில் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன், மையத்தின் உயிரே அதுதான்.

சேர்ந்து மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன். வங்கி அறிக்கைக்கும் எங்கள் ரொக்க ஏட்டுக்கும் 360 வித்தியாசம். பெரிய தொகை இல்லை, ஆனால் எங்கள் பொருளாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், அவருக்கு அது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. இரண்டு மாலை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக டிக் போட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் இப்படி வந்தால் காரணம் தெரியாத தொகைகளை ஒதுக்கிவைக்கும் அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம், அடுத்த மாதம் அதோடு இன்னொன்று சேரும், வருடக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். இந்த முறை மையத்திலிருந்து கணக்குப் பார்க்கும் பெண் வந்திருந்தார். இருபத்தாறு இருபத்தேழு வயதுதான் இருக்கும். "வித்தியாசம் எவ்வளவு ஐயா?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும் ஒரு தாளில் 360ஐ ஒன்பதால் வகுத்தார். மீதியில்லாமல் 40 வந்தது.

"ஒன்பதால் சரியா வகுபடுது. அப்படின்னா எங்கேயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். தொண்ணூறால் வகுத்தா நாலு வருது. நூறாவது இடத்துலயும் பத்தாவது இடத்துலயும் நாலு வித்தியாசம் இருக்கிற தொகை எதுன்னு பாருங்க ஐயா" என்றார்.

பொருளாளர் ஒரு நிமிடம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரொக்க ஏட்டில் விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். பதினேழாவது வரியில் நின்றது. வவுச்சரில் 1,730, ஏட்டில் 1,370. "இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு இட மதிப்பு சொல்லிக்கொடுத்தேனேம்மா" என்று சொல்லிச் சிரித்தார், கண் கலங்கியிருந்தது. வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையில் ஒரு பதிவு இருந்தால், பற்றில் போகவேண்டியது வரவில் போயிருக்கலாம் என்பதையும் அன்றைக்கே அந்தப் பெண் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். வகுபட்டால் எப்போதும் இதுதான் காரணம் என்று இல்லை, ஆனால் முதலில் தேடவேண்டிய இடம் அது என்றும் சொன்னார். அந்தத் தாளைப் பொருளாளர் ஏட்டின் உள் அட்டையில் ஒட்டிவைத்திருக்கிறார்.

நான் இந்த மையத்தைப் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும். அந்தப் பெண் தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்திவிட்டுப் போயிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும், எங்களுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவர் அரைமணி நேரம் கூட உட்கார்ந்தார். வேலையைச் செய்து கொடுப்பதும் சொல்லிக்கொடுப்பதும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் இது நடக்கும். கணக்கை ஓரிடத்திலும் பயிற்சியை வேறிடத்திலும் தனித்தனியாக வாங்கும் அமைப்புகளை எனக்குத் தெரியும், அங்கே பயிற்சி கொடுக்க வருபவருக்கு அவர்களுடைய ஏடு எப்படியிருக்கும் என்றே தெரியாது.

இன்னொரு நல்ல ஏற்பாடு, பணத்தை அவர்கள் தொடுவதில்லை. பட்டியல் தயாரிப்பது அவர்கள், ஒப்புதல் கொடுப்பது எங்கள் பொருளாளரும் தலைவரும். தயாரிக்கிறவர், ஒப்புதல் தருகிறவர், பிறகு சரிபார்க்கிறவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கவேண்டும் என்பது கணக்குத் துறையில் அரிச்சுவடி. ஐந்து பேர் உள்ள இடத்தில் அதை எப்படிச் செய்வது? எங்களிடம் எல்லாமே ஒரே மனிதர்தான். அவர் நேர்மையானவர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் நேர்மையானவருக்கும் பாதுகாப்பு வேண்டும், நாளைக்கு யாராவது ஒரு கேள்வி கேட்டால் அவர் தனியாக நின்று பதில் சொல்லவேண்டிய நிலை இருக்கக்கூடாது. அந்தப் பாரம் இப்போது அவர் தோளில் இல்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வவுச்சர்கள் போய்ச் சேரவேண்டும், 12ஆம் தேதிக்குள் மாதக் கணக்கு கைக்கு வரும். முதல் நான்கு மாதம் நாங்கள்தான் தாமதம் செய்தோம், அதையும் சொல்லிவிடவேண்டும்.

பயிற்சி விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு.

வருடத்துக்கு நான்கு முறை பெரிய வகுப்பு நடத்துகிறார்கள். எட்டு அமைப்பிலிருந்தும் நாற்பது பேர், திரையில் படங்கள், ஒருநாள் முழுக்க. நிதி விண்ணப்பம் எழுதுவது, தொண்டர்களை நிர்வகிப்பது, குழந்தைகளோடு வேலை செய்கிறவர்கள் கடைப்பிடிக்கவேண்டிய பாதுகாப்பு விதிகள் என்று தலைப்புகள் நன்றாகவே இருக்கும். மாலையில் ஒரு படிவம் கொடுப்பார்கள், பிடித்திருந்ததா, பேச்சாளர் எப்படி, இடம் வசதியாக இருந்ததா என்று. எல்லோரும் ஐந்துக்கு நாலு, ஐந்து என்று போட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். பயிற்சியை எப்படி மதிப்பிடுவது என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார், அதில் நான்கு படிகள் உண்டு: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையிடத்தில் அதைச் செய்கிறார்களா, அதனால் வேலையின் பலன் மாறியதா. நாங்கள் நிரப்பிய படிவம் முதல் படியில் நின்றுவிடுகிறது. மூன்றாவது படியை யாராவது கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். நிதி விண்ணப்ப வகுப்புக்கு எங்களிடமிருந்து போன மூன்று பேரில் இரண்டு பேர் அதற்குப் பிறகு ஒரு விண்ணப்பம்கூட எழுதவில்லை. கேட்டால் மறந்துவிட்டது என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பதை ஜெர்மானிய உளவியல் அறிஞர் எபிங்ஹாஸ் தன் நினைவையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதிவைத்துவிட்டார். ஒருநாள் வகுப்பு, அதன்பிறகு மூன்று மாதம் ஒரு ஃபோன்கூட இல்லை என்றால் என்ன நிற்கும்?

ஆனால் அவர்களிடமே இன்னொரு வகைப் பயிற்சி இருக்கிறது, அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. கேட்டால் ஒருவர் வந்து நம் மேசையில், நம் வேலையை வைத்தே, இரண்டு மணி நேரம் உட்காருவார். எங்கள் நூலகப் பொறுப்பாளருக்கு எக்செல் ஷீட் என்றாலே பயம், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டு ராத்திரி தன் மகளிடம் கொடுத்து ஏற்றச் சொல்வார். கம்ப்யூட்டர் பையன் வந்து அவருடைய சொந்தப் பதிவேட்டையே திறந்து, திரும்பி வராத புத்தகங்களை மட்டும் வடிகட்டிக் காட்டினான். "அண்ணா, இந்த முக்கோணத்தை அழுத்துங்க, அவ்வளவுதான்" என்றான். அடுத்த வாரம் திரும்பவும் வந்து, இப்போ நீங்களே செய்யுங்க என்று பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தான். இப்போது அவரே மாதாமாதம் பட்டியல் எடுக்கிறார், வெளியே போய்த் திரும்பாமல் கிடந்த நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்கள் நூலகத்துக்கு வந்திருக்கின்றன. பெரிய வகுப்புகளை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்து, அந்த நேரத்தை இப்படி மேசைப் பயிற்சிக்குக் கொடுங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டர் பக்கம் பெரும்பாலும் நல்ல வேலைதான். வந்த உடனே செய்தது காப்புப் பிரதி. மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், அதில் ஒன்று வேறு இடத்தில், இதை 3-2-1 என்பார்கள். பலரும் இதுவரை செய்துவிட்டு நின்றுவிடுவார்கள். இவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஃபைலை வேண்டுமென்றே அந்தப் பிரதியிலிருந்து திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். முதல் சோதனையில் எங்கள் பயனாளிகள் பட்டியல் திறக்கவேயில்லை, பாதி பிரதிதான் எடுக்கப்பட்டிருந்தது. சோதிக்காமல் இருந்திருந்தால் தேவைப்படும் நாளில்தான் அது தெரிந்திருக்கும். பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் முதலில் பழைய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், மாதம் ஒருமுறை எல்லோரும் மாற்றவேண்டும் என்று. விளைவு, எல்லோரும் பாஸ்வேர்டின் கடைசியில் மாதத்தின் எண்ணைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், சிலர் திரையின் ஓரத்தில் சீட்டு ஒட்டினார்கள். கசிந்ததாகத் தெரிந்தால் தவிர, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவேண்டாம் என்று அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் நிறுவனமே 2017இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருந்ததைக் காட்டிப் பேசினோம். கேட்டுக்கொண்டார்கள். இப்போது நீளமான ஒரு பாஸ்வேர்டு, அதோடு ஃபோனுக்கு வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு.

சரி, இனி குறைகள்.

முதல் வருடக் கடைசியில் நாங்கள் மிகவும் நொந்துபோனோம். எட்டு அமைப்புக்கும் கணக்கு முடிக்கும் தேதி ஒன்றே. கணக்குக்கு இருப்பது இரண்டு பேர். யாருக்கு முதலில் செய்வது என்று எழுதிவைத்த விதி எதுவும் இல்லை, அதனால் யார் அதிகம் ஃபோன் செய்தார்களோ, யார் பெரிய அமைப்போ அவர்களுடைய வேலை முதலில் போனது. எங்கள் கோப்பு மூன்று வாரம் மேசையில் கிடந்தது. ஆடிட்டர் எங்களைத்தான் கோபித்துக்கொண்டார். கேட்டபோது "உங்க வேலை சின்னதுதானே, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று பதில் வந்தது. சின்ன வேலை என்றால் முதலில் முடித்துக் கொடுத்திருக்கலாமே. கூட்டுச் சேவை என்று ஆரம்பித்த எந்த இடத்திலும் கவனமாகப் பார்க்கவேண்டிய விஷயம் இது, ஏனென்றால் சிறியவர்களுக்காகத்தான் ஆரம்பிக்கிறார்கள், கடைசியில் பெரியவர்களின் வேலைதான் நேரத்தைச் சாப்பிடுகிறது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று நடந்தது. எங்கள் ஐந்து பேரின் சம்பளப் பட்டியல் வேறொரு உறுப்பு அமைப்புக்கு மின்னஞ்சலில் போய்விட்டது. முகவரி தட்டும்போது முதல் இரண்டு எழுத்து ஒன்றாக இருந்ததால் வந்த பிசகு. அந்த ஐந்து பேரில் ஒருவருக்குச் சம்பளத்திலிருந்து கடன் பிடித்தம் போகிறது, அது வெளியே தெரிந்ததில் அவர் ரொம்பவே வருத்தப்பட்டார். மையத்தின் பொறுப்பாளர் நேரில் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டார், பெற்றவர்கள் மின்னஞ்சலை அழித்ததை எழுதி வாங்கினார், அன்றிலிருந்து சம்பளப் பட்டியல் மின்னஞ்சலில் வருவதே இல்லை, தனித் தனிக் கோப்புறையில் வைத்து உரியவர் மட்டும் திறக்கும்படி செய்திருக்கிறார்கள். நடந்துகொண்ட விதத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் எட்டு பேரின் ரகசியங்கள் ஒரே அறையில் இருக்கும்போது இந்த ஏற்பாட்டை முதல் நாளே செய்திருக்கவேண்டும்.

பணியாளர் விதிகள் எழுதிக் கொடுத்ததும் சுமார்தான். ஒரே அச்சில் எட்டு பேருக்கும் வார்த்தார்கள். எங்கள் விதிப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இன்னொரு அமைப்பின் பெயர் அப்படியே இருந்தது. எங்களிடம் இல்லாத "இரவுப் பணிப் படி" பற்றி ஒரு பக்கம். முதியவர்கள் வீட்டுக்குத் தனியாகப் போகும் தொண்டர்கள் போய்ச் சேர்ந்ததையும் கிளம்பியதையும் யாருக்குச் சொல்லவேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை, எங்களுக்கு வேண்டியதே அதுதான். கடைசியில் நானும் இரண்டு தொண்டர்களும் உட்கார்ந்து அந்தப் பகுதியை எழுதினோம்.

கட்டணம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். எங்கள் மையத்தில் ஒவ்வொரு அமைப்பின் ஆண்டு பட்ஜெட்டுக்கு ஏற்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். சிலர் எட்டாகச் சமமாகப் பிரிக்கலாம் என்பார்கள், அது சிறியவர்களைக் கொன்றுவிடும். பயன்படுத்தும் மணிக்கு இவ்வளவு என்று வைக்கலாம் என்பார்கள், கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் ஃபோனை எடுத்தால் காசு என்று தெரிந்தால் யாரும் சின்னச் சந்தேகத்துக்குக் கூப்பிடமாட்டார்கள், தவறு முற்றி வெடித்த பிறகுதான் கூப்பிடுவார்கள். அந்த 360க்கு நாங்கள் கூப்பிட்டிருப்போமா? நிச்சயம் மாட்டோம். என் கருத்து, பட்ஜெட் விகிதத்தில் ஒரு அடிப்படைத் தொகை, அதில் ஆலோசனைக்கும் மேசைப் பயிற்சிக்கும் வரம்பில்லை, புதிதாக ஒரு மென்பொருள் மாற்றுவது போன்ற பெரிய வேலைக்கு மட்டும் தனிக் கட்டணம்.

போன பொதுக் கூட்டத்தில் செலவைக் குறைக்கப் பயிற்சியை எடுத்துவிடலாம், கணக்கும் கம்ப்யூட்டரும் போதும் என்று ஒருவர் சொன்னார். நான் எழுந்து பேசினேன். 1844இல் இங்கிலாந்தின் ரோச்டேல் ஊரில் 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்தார்கள், நெசவாளர்களும் மற்றத் தொழிலாளிகளுமான அவர்கள் கையில் பணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அப்புறம் லாபம் வர ஆரம்பித்தபோது அதில் இரண்டரை சதவீதத்தை உறுப்பினர்களின் கல்விக்கென்று ஒதுக்கினார்கள், நூலகமும் வாசிப்பு அறையும் வைத்தார்கள். 1995இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு ஏழு கொள்கைகளை வகுத்தபோதும் ஐந்தாவதாகக் கல்வியும் பயிற்சியும் இருக்கிறது. கையில் இல்லாதவர்களே ஒதுக்கினார்கள், நாம் எடுத்துவிடுவதா என்று கேட்டேன். பயிற்சியை எடுத்துவிட்டால் இந்த மையம் வெறும் கணக்கு எழுதும் கடை, நமக்குத் தெரியாத நம் கணக்கை வேறு யாரோ எழுதிக்கொண்டிருப்பார்கள், அந்தப் பெண் வேலையை விட்டுப் போனால் நாம் திரும்பவும் பழைய பெட்டிக்கே போவோம். வாக்கெடுப்பில் பயிற்சி நின்றது, ஆறுக்கு இரண்டு.

யார் சேரலாம் என்றால், சம்பளத்துக்கு இரண்டு மூன்று பேர் முதல் இருபது பேர் வரை வைத்திருக்கும் அமைப்புகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முழுக்கத் தொண்டர்களாலேயே நடக்கும் ரொம்பச் சின்னக் குழுவுக்கு இது அதிகம், அவர்கள் வருடத்துக்கு நான்கு முறை மேசைப் பயிற்சி மட்டும் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். தனக்கென்று கணக்குப் பிரிவு வைத்திருக்கும் பெரிய அமைப்புக்கு அவசியமில்லை. நிர்வாகக் குழுவில் மாதக் கணக்கைப் படித்துப் பார்க்க ஒருவரும் தயாராக இல்லை என்றால் தயவுசெய்து சேரவேண்டாம். கையெழுத்துக்கு நாம்தான் பொறுப்பு, பட்டியலை அவர்கள் தயாரித்தார்கள் என்பது தணிக்கையில் செல்லாது.

எங்கள் ஒப்பந்தத்தை மூன்றாவது வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டோம். இந்த முறை கையெழுத்துக்கு முன்பே மூன்று விஷயங்களை எழுத்தில் சேர்க்கச் சொன்னோம். வருடக் கடைசியில் வவுச்சர்களை முழுமையாகக் கொடுத்தவர்களின் வேலை, கொடுத்த வரிசையிலேயே முடிக்கப்படவேண்டும். நாங்கள் விலகினால் 30 நாளுக்குள் எங்கள் கணக்குகள் எல்லாம் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் கைக்கு வரவேண்டும். பெரிய வகுப்பு இரண்டு, மீதி நேரம் மேசைப் பயிற்சி. முதல் இரண்டையும் உடனே சேர்த்தார்கள். மூன்றாவதை ஆறு மாதம் சோதனையாகப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள், அந்த முதல் மேசை நேரத்துக்கு எங்கள் புதுப் பொருளாளரின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். பழைய ஏட்டை, உள் அட்டையில் ஒட்டிய அந்தத் தாளோடு, ஆசிரியரே அவரிடம் ஒப்படைத்துவிட்டார்.